தப்புப் பட்டியலின் முதல் வரி

என் கலை அக்காவுக்கு,

உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உன் தேனு எழுதுகிறேன். திட்டாதே. நீ இருந்தவரை என்னை ஒரு நாள் அதில் உட்கார விட்டதில்லை. "இன்னாடி, பதவி புடிக்கலாம்னு பாக்கிறியா?" என்பாய். பதவி வந்துவிட்டது அக்கா. இப்படி வந்திருக்க வேண்டாம்.

வருகிற மாசத்தோடு நீ போய் ஒரு வருஷம். நீ ஊர்ச் சேதிதான் முதலில் கேட்பாய், அதைச் சொல்லிவிடுகிறேன். நம் செஞ்சிக் கோட்டைக்கு உலகம் முழுக்கப் பேர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் ராஜகிரி அடிவாரத்தில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. நெல் சீசன் ஆரம்பித்து, மார்க்கெட் கமிட்டி ரோட்டில் லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நிற்கின்றன. குரங்குகள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன. போன வாரம் ஒன்று மொட்டைமாடியில் இன்டர்நெட் ஒயரைப் பிடித்துத் தொங்கியதில் பாதி வகுப்பில் கனெக்‌ஷன் போய், வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறந்தபடி திரையில் நின்றுவிட்டார்கள். நைனா கம்பை எடுத்துக்கொண்டு படி ஏறி, "தே, புள்ளைங்க படிப்புல மண்ணப் போடாத, ஓடு!" என்று விரட்டிவிட்டு வந்தார். எழுபத்தாறு வயசுக்கு அவர் முழங்கால் பரவாயில்லை. சர்க்கரைதான் சொன்ன பேச்சு கேட்பதில்லை, அவரை மாதிரியே.

ஆனால் இதைச் சொல்ல நான் உட்காரவில்லை. நேற்று சனிக்கிழமை, புது வகுப்பின் முதல் நாள். அங்கே ஒரு காரியம் செய்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. உன்னிடம் சொல்ல வேண்டும். நம்மிடம் படித்த பிள்ளைகளும் படிக்க வேண்டும். அதனால் நம் வகுப்பின் இணையப் பக்கத்தில், பொதுவில் எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் உன் கதையைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஒரு ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து; ஒரு மில்லில் எந்த மூட்டை எந்த ஊரிலிருந்து வந்தது; இதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்திருக்கும் இடம்தான் டேட்டாபேஸ். அதைக் கட்டித் தருவதும், காப்பாற்றுவதும், விழுந்தால் தூக்கி நிறுத்துவதும் என் அக்கா கலைச்செல்வியின் வேலை. சென்னையில் எட்டு வருஷம் கம்பெனியில் இருந்துவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனபோது செஞ்சிக்கே வந்து, எந்தக் கம்பெனிக்கும் ஆளாக இல்லாமல் தனியாக அந்த வேலையைச் செய்தாள். "உங்க பெரிய பொண்ணு வூட்லயே கெடக்குதே, இன்னா பண்ணுது?" என்று தெருவில் கேட்பார்கள். நைனா யோசித்து, "கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்குது" என்பார். அதைவிட நல்ல விளக்கம் நானும் இதுவரை கேட்டதில்லை.

உன் முதல் வேலை ஒரு அரிசி மில். முதல் நாள் மில்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார். மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். உனக்கு மட்டும் பேப்பர் கப். நம் தெரு எது என்று விசாரித்து வைத்திருந்தார்கள். நீ ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு வந்தாய். மூன்றாவது வருஷம் ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போதே, "தேனு, இன்னிக்கு டம்ளர்ல வந்துச்சுடி" என்றாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்போது நான் சென்னையில் வேலை போய், பெட்டியோடு வந்து இறங்கிய புதிது. என்னடா இது, ஒரு டம்ளருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன். எனக்கு அப்போது புரியவில்லை.

அதன் பிறகுதான் அந்த ஆஸ்பத்திரி வந்தது. பேர் வேண்டாம். உன் கையில் இருந்ததிலேயே பெரிய வேலை அது. என்னையும் கூட வைத்துக்கொண்டாய்.

நீ எனக்கு முதலில் சொன்னதே இதுதான். டேட்டாபேஸில் எதையாவது மாற்றுவதென்றால் சாதாரணமாக இரண்டு வரி எழுத வேண்டும். மேல் வரி, எதை மாற்ற வேண்டும் என்று சொல்லும். கீழ் வரி, யாருக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லும். கீழ் வரி விட்டுப்போனால் கம்ப்யூட்டர் நம்மைக் கேட்காது, இருக்கிற அத்தனை பேருக்கும் மாற்றிவிடும். அதனால் நீ கடைசி வரியை முதலில் எழுதுவாய். எழுதி முடித்ததும் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாய். "யாருக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டு, பதிலை நீயே வாசித்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவாய். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் உன்னை மாதிரியே மடியில் கை வைத்துக்காட்டிக் கேலி செய்வார்கள். நானும் சிரித்தேன். எனக்கு இதெல்லாம் எதற்கு, நான் சென்னையில் வேலை பார்த்தவளாச்சே!

அன்றைக்கு நீ மில்லுக்குப் போயிருந்தாய். ஒரு குழந்தையின் அட்டையில் ரத்த வகை தப்பாக அச்சாகியிருக்கிறது, ஓ பாசிடிவ் என்று திருத்திக் கொடுங்கள் எனக் கேட்டார்கள். நான் இரண்டு வரியும் எழுதினேன். சரியாகத்தான் எழுதினேன், இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஓட்டும்போது மவுஸால் மேல் வரியை மட்டும் நீலமாக்கிவிட்டு அமுக்கிவிட்டேன். நீலமாக்கியதை மட்டும்தான் அது ஓட்டும். ஒரு ஆளின் விவரம் அங்கே ஒரு வரி; ஒரு வரி மாறியது என்று வர வேண்டிய இடத்தில் பல்லாயிரம் வரி மாறியது என்று வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை கால் வைத்த அத்தனை பேரும் ஒரே நொடியில் ஓ பாசிடிவ் ஆகிவிட்டார்கள்.

என்ன செய்வதென்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேபிலிருந்து ராணி அக்கா வந்து கதவில் நின்றார். ரத்தப் பரிசோதனை பார்க்கிறவர். "ஏம்மா, நான் பி நெகடிவ். உள்ள பாத்தா என்னையும் ஓ பாசிடிவ்னு போட்டிருக்குது. கம்ப்யூட்டரு ரத்தத்தையே மாத்திடுச்சா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

போன் போட்ட பத்தாவது நிமிஷம் நீ வந்தாய். என்னைத் திட்டவில்லை. "அதுக்கப்புறம் எதையாச்சும் தொட்டியா? இல்லியே? கைய எடு" என்றாய். ராணி அக்காவை ஒவ்வொரு வார்டுக்கும் அனுப்பி, கம்ப்யூட்டரில் ரத்த வகை பார்க்காதீர்கள் என்று கையால் எழுதி ஒட்டச் சொன்னாய். அன்று விடிகாலை எடுத்துவைத்த நகலை, அதாவது பேக்கப்பை, வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, ரத்த வகைக் கட்டத்தை மட்டும் எடுத்துத் திரும்பப் பொருத்தினாய். விடிந்த பிறகு வந்தவர்களின் விவரத்தை லேப் நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாய் ஒப்பிட்டோம். மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாம் சரி. ஒருவருக்கும் ஒரு சொட்டு ரத்தம் தப்பாக ஏறவில்லை. அந்தப் புண்ணியம் ராணி அக்காவுக்கும் உனக்கும்.

ஆனால் வார்டில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து யாரோ கத்த, ஜனம் கூடிவிட்டது. பெரிய டாக்டர் நம்மை மேலே கூப்பிட்டார். படியேறும்போது நான் உன் காதில் கேட்டேன்: "அக்கா, லாக்ல என் பேரு இருக்கும். அழிச்சிடவா?" யார், எத்தனை மணிக்கு, என்ன செய்தார்கள் என்று கம்ப்யூட்டர் தானே எழுதிவைத்துக்கொள்கிற பதிவுதான் லாக். நீ அப்படியே படியில் நின்றுவிட்டாய். அன்றைக்கு அப்போதுதான் உனக்குக் கோபம் வந்தது.

"கைய வெட்டிடுவேன். லாக்கத் தொடாத. பொய் சொல்லணும்னா நான் வாயால சொல்லிக்கிறேன். அது பொய் சொல்லக் கூடாது."

மேலே போனோம். "யார் செஞ்சது?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார்" என்றாய்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஏன் சொன்னாய் என்று சண்டை போட்டேன். நீ முகம் கழுவிக்கொண்டே பதில் சொன்னாய். "இந்த ஊர்ல நம்ம தெருப் பொண்ணு ஒருத்தி தப்பு பண்ணா, ஒருத்தி தப்பு பண்ணிட்டான்னு எழுத மாட்டாங்க தேனு. யாருக்குங்கிற வரியே இல்லாம நம்ம எல்லார் மேலயும் எழுதிடுவாங்க. உனக்கு இன்னும் பேரே வரல. எனக்குக் கொஞ்சம் இருக்குது, தாங்கும்."

தாங்கவில்லை அக்கா. ஆஸ்பத்திரி போயிற்று. அதைக் கேள்விப்பட்டுத் திண்டிவனத்தில் இரண்டு இடம் போயிற்று. அடுத்த வாரம் மில்லுக்குப் போய்விட்டு வந்து, "மறுபடி பேப்பர் கப்புடி" என்று சொல்லிச் சிரித்தாய். நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஊரில் உனக்கு 'ஓ பாசிடிவ் மேடம்' என்று பேர் வைத்தார்கள். நைனா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "எல்லாரையும் படிக்க வச்சனே, கொஞ்சம் பாத்து செஞ்சிருக்கக் கூடாதா?" என்று உன்னைத்தான் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் அதே கூடத்தில் இருந்தேன்.

வேலை போன வீட்டில் என்ன செய்வது? நீ வகுப்பு ஆரம்பித்தாய். சனிக்கிழமை மூன்று மணி, நம் வீட்டு முன்னறை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. தமிழில் சொல்லிக்கொடுத்தாய். பிறகு கேமரா வாங்கினாய். பனமலையிலிருந்தும் தொண்டூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். குவைத்தில் டிரைவர் வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் படித்தார். ஆஸ்பத்திரியை இழந்த கலைச்செல்வியை இந்த ஊர் மறக்கவில்லை, ஆனால் எத்தனையோ ஊரில் எத்தனையோ பிள்ளைகள் உன்னால் வேலையில் இருக்கிறார்கள். அந்த வகுப்பு என் தப்பிலிருந்து பிறந்தது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டதுண்டு. அசிங்கமான சமாதானம்தான்.

வகுப்புக்கென்று ஒரு பட்டியல் வைத்தாய். தப்புப் பட்டியல். யார் என்ன தப்பு செய்தாலும் அதில் ஏற்ற வேண்டும்: தப்பு, செய்தவர், சரிசெய்த விதம். அதற்கு உன் சட்டம் கடுமையானது. அவரவர் தப்பை அவரவர் கையால்தான் ஏற்ற வேண்டும், இன்னொருவருக்காக யாரும் ஏற்றக் கூடாது. ஏற்றியதை அழிக்கக் கூடாது. விவரம் தப்பாக இருந்தால், பழையது தெரியும்படி வைத்துக்கொண்டு, காரணம் எழுதித் திருத்தலாம். பத்து வருஷத்தில் அது பெரிய பட்டியலாகிவிட்டது. ஒவ்வொரு வகுப்பையும் அதன் முதல் வரியைக் காட்டித்தான் ஆரம்பிப்பாய். 'எல்லா நோயாளிகளின் ரத்த வகையும் மாறியது. செய்தவர்: கலைச்செல்வி.' டீச்சரே இவ்வளவு பெரிய தப்பு செய்திருக்கிறார் என்றதும் பிள்ளைகளுக்கு இறுக்கம் தளரும், பயம் போகும். நான் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் உன் சட்டத்தை உடைத்த ஒரே ஆள் நீதான் என்று தோன்றும். வாயைத் திறக்க மாட்டேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கடைசி ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் உன் ரத்த வகையைக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "எல்லாருக்கும் ஓ பாசிடிவ்தான் சிஸ்டர்" என்றாய். அந்தப் பெண் முறைத்தாள். "நெசமா இன்னா குரூப்புன்னு சொல்லுங்கம்மா." நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லி, வராந்தாவில் நின்று அழுதேன். அன்றாவது உன் கையைப் பிடித்து, ஊருக்குச் சொல்லிவிடுகிறேன் அக்கா என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்தாறு சாகிற வயசில்லையே, நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

உன் சாவுக்கு ஊரே வந்தது. பந்தலில் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் கேட்டார்: "யாரு, ரத்தத்த மாத்தி வுட்டுச்சே, அந்த அம்மாவா?" நான் காபித் தட்டோடு அவர்கள் முன்னால் நின்றேன். காபியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். நைனா காதிலும் அது விழுந்திருக்கிறது, அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதோடும் நிற்கவில்லை. நீ போன பிறகு நான் எடுத்த முதல் வகுப்பிலும், அந்த முதல் வரியைத் திரையில் போட்டு, "எங்க அக்கா ஒரு தடவை..." என்றுதான் ஆரம்பித்தேன். அதுவரை அது நீ எனக்காகச் சொன்ன பொய். அன்று நான் எனக்காகச் சொன்னேன்.

போன வாரம் புது வகுப்புக்காக உன் சோதனை நோட்டை எடுத்தேன். மாசத்தின் முதல் சனிக்கிழமை ஏதாவது ஒரு பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்து வைப்பாயே, அந்த நோட்டு. "பேக்கப் எடுத்துட்டேன்னு சொல்லாத. திருப்பி ஏத்திக் காட்டு" என்று பிள்ளைகளை விரட்டுவாயே. ஆஸ்பத்திரி போன அந்த மாசத்தின் பக்கத்தில் இரண்டு தாள் பின் அடித்திருந்தது. ஒன்று, நோயாளிகள் விவரம் முழுவதையும் ஒப்படைத்துவிட்டு, உன்னிடமிருந்த பிரதியை அழித்துவிட்டதற்கு அவர்கள் போட்டுக் கொடுத்த கையெழுத்து. இன்னொன்று, அன்றைய லாக். நோயாளி பேர் எதுவும் அதில் இல்லை. நேரம், நான் ஓட்டிய அந்த ஒற்றை மேல் வரி, பக்கத்தில் என் பேர்.

நீ அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. கோடுகூடப் போடவில்லை. தாள் மஞ்சளாகி, பின் துருப்பிடித்திருந்தது. எதற்காக அதை வைத்திருந்தாய்? என்றைக்காவது நான் மறுத்தால் காட்டவா? உனக்கு அப்படிப்பட்ட மனசு இல்லை. என்றைக்காவது நானே தேடி வருவேன் என்றா? அதை என்னிடம் கேட்டிருக்கலாமே அக்கா. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

தாளை எடுத்துக்கொண்டு போய் முதலில் நைனாவிடம் சொன்னேன். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கை தட்டிலேயே இருந்தது. "அப்ப கலை செய்யலியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். எழுந்து போய், உன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, துண்டால் துடைத்தார். அழுக்கே இல்லாத படத்தை ரொம்ப நேரம் துடைத்தார். "ரெண்டு நாளு நீ போட்ட சோத்த வேணாம்னு தள்ளி வச்சனேம்மா. நீ சொல்லக் கூடாதா?" என்று படத்தைத்தான் கேட்டார். என்னை அன்றைக்கு முழுவதும் பார்க்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "நீ சாப்டியா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் தெரியுமா?

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டருக்கு இப்போது வயசாகிவிட்டது, காலையில் மட்டும்தான் வருகிறார். தாளை மேஜையில் வைத்து, அன்று செய்தது நான்தான் சார், எங்க அக்கா இல்லை என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "எந்த அக்கா?" என்றார். பிறகு, "ஓ, அதுவா. இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? அப்பவே முடிஞ்சிபோச்சே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். உன் பேரையே மறந்துவிட்டார் அக்கா. உன்னைப் பாதியாக்கிய ஒரு நாள் அவருக்கு என்றோ முடிந்துபோன சின்ன விஷயம். கத்த வேண்டும் போல இருந்தது. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

லேப் வாசலில் ராணி அக்கா. தலை நரைத்திருக்கிறது, குரல் அதே குரல்தான். தாளைக் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும். உங்க அக்கா ரெண்டு கையையும் மடியில வச்சிட்டு, யாருக்குன்னு கேட்டுட்டுத்தான் பொத்தான அமுக்கும். அது அப்படி செஞ்சிருக்காது. நீ எப்ப வருவ, எப்ப வருவன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு கேட்டார்: "அது இருக்கும்போது வந்திருக்கலாமில்ல?"

அந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நேற்று மூன்று மணி. முன்னறையில் ஒன்பது பேர், திரையில் வெளியூர்க்காரர்கள். ஜன்னலில் மலை தெரிந்தது. நைனா என்றைக்கும் பக்கத்து அறையில்தான் படுத்திருப்பார், உனக்குத் தெரியும். நேற்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் வரியைத் திரையில் போட்டேன். உன் பேர் இருந்தது. இது பொய் என்றேன். மேல் வரியை நீலமாக்கியதிலிருந்து படியில் நீ நின்றது வரை, பேப்பர் கப் வரை, எல்லாம் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை குரல் போய்விட்டது. பனமலையிலிருந்து வரும் அமுதா என்ற பெண், புதுசு, தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு திருத்த உட்கார்ந்தேன். நீ சொன்னபடி கடைசி வரியை முதலில் எழுதினேன்: பட்டியலில் ஒன்றாம் எண்ணுக்கு மட்டும். அதன் மேலே, செய்தவர் தேன்மொழி. திருத்தக் காரணம்: செய்தவள் நான், சொன்னவள் அக்கா. எழுதிவிட்டு இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் வகுப்பே சேர்ந்து "யாருக்கு?" என்று கேட்க வேண்டும். நீ பழக்கிய பழக்கம். ஆனால் இவர்கள் புதுப் பிள்ளைகள், முதல் நாள். யாருக்கும் தெரியாது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். என் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. கை மடியிலேயே கிடந்தது.

கடைசி நாற்காலியிலிருந்து நைனா கேட்டார்.

"யாருக்குமா?"

பத்து வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு சனிக்கிழமை தவறாமல் கேட்டிருக்கிறார், அக்கா. கம்ப்யூட்டரை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நம் நைனா கேட்டார்.

"எனக்கு நைனா. எனக்கு மட்டும்" என்றேன். அமுக்கினேன்.

ஒரு வரி மாறியது என்று திரையில் வந்தது.

அக்கா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்த வீட்டில் நடக்கும் ஒவ்வொரு வகுப்பும் அந்த முதல் வரியில்தான் தொடங்கும், என் பேரோடு. நான் பொய் சொன்ன அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கும் இன்று காலையே ஒவ்வொருவராய்ப் போன் செய்துவிட்டேன். யாராவது இனி ரத்தத்தை மாற்றிய அம்மா என்று சொன்னால், காபியைக் கொடுத்துவிட்டு நகர மாட்டேன், அது நான்தான் என்பேன். பட்டியலில் உன் பேரில் இன்னும் நான்கு வரி இருக்கிறது. அவை நீயே செய்தவை, மில்லில் மூட்டைக் கணக்கைத் தலைகீழாக ஏற்றியது உட்பட. அவற்றை நான் தொட மாட்டேன். நைனாவின் மாத்திரையை வேளைக்குக் கொடுப்பேன். மாசத்தின் முதல் சனிக்கிழமை சோதனை நோட்டில் உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து இருக்கும்.

கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இதை ஒரு தடவை வாய்விட்டு வாசித்துவிட்டேன். யாருக்கு என்று நைனா உள்ளேயிருந்து கேட்கிறார். கலைக்கு என்று சொல்லிவிட்டு அனுப்புகிறேன்.

ஒன்றாம் வரிக்குச் சொந்தக்காரி,
உன் தங்கச்சி
தேன்மொழி